நழுவுற மீனுக்குச் செதில்

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

பார்சலைப் பிரித்ததும் பதறிவிடாதீர்கள். கையும் காலும் வெட்டி அனுப்பியது போலத்தான் இருக்கும். கழுத்து, கம்பிகள், குமிழ்கள் எல்லாவற்றையும் கழற்றி இங்கே என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வந்திருப்பது என் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் மட்டும். பழைய கறுப்பு பெயின்ட், நிறையக் கீறல். அதற்கு நீங்கள் புதுசாகப் பெயின்ட் அடித்துத் தர வேண்டும்.

ஊரில் இருக்கிற பைக் டாங்குகளுக்கெல்லாம் தீ ஜுவாலை வரைகிற உங்களிடம் தீயைத் தவிர வேறு எதையும் கேட்க நான் துணிந்ததே பெரிய விஷயம். எனக்குத் தீ வேண்டாம். மீன் செதில் வேண்டும். முழு உடம்பும் செதில்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் வாங்கித் தந்த ஆபீஸ் வேலையை நான் விட்ட அன்று, பட்டறை வாசலில் நின்று என்ன சொன்னார்? "கழுவுற மீன்ல நழுவுற மீன் நீ. எதுலயும் நிக்க மாட்ட." அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். அந்தப் பட்டத்தை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

இத்தனை காலம் குழுவில் பின்வரிசையில் நின்று வாசித்தேன். பாடகருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், என் அம்மாவே வந்திருந்தாலும் என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். மார்ச் கடைசி சனிக்கிழமை பெரிய அரங்கில் நிகழ்ச்சி. இடைவேளைக்குப் பிறகு நான் முன்னால் நிற்க வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். மூன்று மெட்டு, மூன்றும் நான் போட்டவை. சரியாக வந்தால் அந்த இடம் எனக்கு. சொதப்பினால் மறுபடி டிரம்ஸுக்குப் பக்கம்.

கைப்பேசியில் பேசலாமே என்பீர்கள். உங்கள் கை எப்போதும் பெயின்டில் இருக்கும், எடுப்பது அவராக இருக்கும். கடிதமே போதும்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட்டதே உன் அண்ணன்தான். "என்ன இது"ன்னு கேட்டார். "கஸ்டமர் கிட்டார்"னு சொன்னேன். சரி என்று போய் டிங்கரிங் வேலையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. நீ கவலைப்படாதே.

தீ வேண்டாம் என்றதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். ஆனால் செதில் என்று நீ எழுதியதைப் படித்ததும் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. செதிலைத் தூரிகையால் வரைகிறவன் முட்டாள். ஒரு வலையை இழுத்துக் கட்டி அதன் மேல் ஸ்ப்ரே பண்ண வேண்டும். வலையை எடுத்தால் செதில் நிற்கும். கடையில் விற்கிற வலையெல்லாம் கட்டம் கட்டமாக ஜன்னல் மாதிரி இருக்கிறது. கடைசியில் எது அகப்பட்டது தெரியுமா? வீட்டில் வெங்காயம் வாங்கி வந்த வலைப்பை. இழுத்தால் டைமண்டு டைமண்டாக விரிகிறது. வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டுப் பையைப் பட்டறைக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு மூன்று பலகைத் துண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பச்சை, ஒன்று கருநீலம், ஒன்று செம்பு. மூன்றிலும் மேலே வெள்ளிச் செதில். வெயிலில் பார், குழல்விளக்கில் பார், பிறகு சொல். கைப்பேசித் திரையில் தெரிகிற நிறத்தை நம்பி நான் ஒரு டப்பாவைக்கூடத் திறக்க மாட்டேன். ஒருவன் அப்படித்தான் போட்டோ அனுப்பிக் காருக்குச் சிவப்பு கேட்டான். வந்து பார்த்துவிட்டு, "இது தக்காளி, நான் கேட்டது ரத்தம்"னான்.

உடம்பைச் சுரண்டி, கீறல், சொட்டை எல்லாவற்றுக்கும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, குழந்தைக் கன்னம் மாதிரி ஆக்கியாயிற்று. கிட்டாரில் எது மேல், எது கீழ் என்று ஒரு சந்தேகம் வந்தது. பைக் டாங்க் என்றால் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இதற்காகவே மியூசிக் கடை வாசலில் போய் நின்று கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்தேன். கழுத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற கொம்புகளில், நீளக் கொம்பு மேலே, குட்டைக் கொம்பு கீழே. சரிதானே? சரியாகத்தான் இருக்கும்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

கருநீலம். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பச்சை பாசி மாதிரி இருக்கிறது. செம்பைப் பார்த்தால் குடத்தின் ஞாபகம் வருகிறது. கருநீலத் துண்டை ஜன்னலில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அது ஈரமாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தேன். அண்ணி, நீங்கள் தீ வரைந்து வீணாய்ப்போன மனுஷி.

ஒரே ஒரு ஆசை. நிஜ மீன் மாதிரி, முதுகு இருட்டாகவும் வயிறு வெள்ளியாகவும் இருக்கட்டும். நடுவில் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது.

மெட்டுகள் நன்றாக வருகின்றன. மாடி அறைக்குக் கீழே தையல் கடை. மெஷின் ஓடும் சத்தத்தோடு வாசித்துப் பழகிக்கொண்டேன். நிகழ்ச்சியில் மெஷின் இல்லாமல் தாளம் தப்பிவிடுவேனோ என்னவோ. இரவல் கிட்டாரில்தான் பழகுகிறேன். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. என்னுடையதைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நலமா? கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

நாத்தனார்


மார்ச் 8

நாத்தனாருக்கு,

முடிந்தது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை: நான் இதுவரை செய்ததில் இதற்குத்தான் முதலிடம்.

முழுக்கக் கருநீலம் அடித்துக் காயவிட்டு, வெங்காயப் பையை இழுத்துக் கட்டி, மேலே வெள்ளியை விட்டேன். ஸ்ப்ரே கன்னை மேலிருந்து சாய்த்துப் பிடித்தேன். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மேல் ஓரம் மட்டும் இருட்டாக நின்றது. வலையை உரித்தபோது ஒரு செதில் அடுத்த செதிலின் மேல் படிந்த மாதிரி எழும்பி வந்தது. உரிக்கிறபோது மூச்சு விடவில்லை. எங்கேயாவது பெயின்ட் வலையோடு ஒட்டிக்கொண்டால் போச்சு. ஒட்டவில்லை.

மேல் விளிம்பில் முதுகு, ராத்திரி ஆற்றுத் தண்ணீர் மாதிரி. கீழே வர வர வெள்ளி கூடுகிறது. குட்டைக் கொம்பு பக்கம் முழு வயிறு. எங்கே மாறுகிறது என்று எனக்கே தெரியவில்லை, உனக்கு எங்கே தெரியப் போகிறது. அதற்கு மேல் பளபளப்புக்கு நிறமில்லாத க்ளியர் கோட் போட்டுத் தேய்த்து, மறுபடி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறைக்கு வந்த ஒருத்தன் வண்டியை மறந்துவிட்டு இதன் முன்னால் நின்றான். "அக்கா, என் டாங்குக்கும் இதே"ன்னான். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன்கூட ரெண்டு தடவை கிட்டே வந்து பார்த்தார். அவர் பார்த்ததே பாராட்டு.

பெயின்ட் இன்னும் இளசு. நகம் படாமல் கட்டிக்கொள். முன்வரிசையில் நின்று ஜமாய்.

அண்ணி


மார்ச் 13

அண்ணி,

வந்து சேர்ந்தது. அழகைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கழுத்தைப் பூட்டி, கம்பி கட்டி, தோளில் மாட்டுவதற்கு வாரைத் தேடினேன். வார் இருக்கிறது. அதை மாட்டுகிற குமிழும் இருக்கிறது. குமிழைத் திருகும் ஓட்டையைக் காணோம்.

குட்டைக் கொம்பில் ஒரு ஓட்டை இருந்ததே, கொஞ்சம் கோணலாக. அதைப் பட்டி வைத்து அடைத்துவிட்டீர்கள். சொட்டை என்று நினைத்தீர்கள், இல்லையா?

நான் இடது கையால் வாசிக்கிறவள். வலது கைக்காரர்களுக்குச் செய்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டி வாசிக்கிறேன். எனக்குக் குட்டைக் கொம்புதான் மேலே. இப்போது மாட்டிக்கொண்டு நின்றால் உங்கள் மீனின் வயிறு வானத்தைப் பார்க்கும், முதுகு தரையைப் பார்க்கும். எந்த மீன் அப்படி மிதக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். முதன்முதலாக முன்னால் நிற்கப் போகிறேன், நெஞ்சில் செத்த மீனோடு.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, வாரும் மாட்ட முடியாது. இங்கே கிட்டார் கடைக்காரர் ட்ரில்லைத் தொடவே மறுத்துவிட்டார். "பெயிண்ட் புதுசு. விரிசல் விட்டா நான் பொறுப்பில்ல"ன்னார். முன்னால் நிற்கிறவர் நின்றுதான் வாசிக்க வேண்டும், நாற்காலி கிடையாது என்று தலைவர் முன்பே சொல்லியாயிற்று.

கோபம் பெயின்டைப் பற்றி இல்லை, அண்ணி. ஒரே கூரைக்கு அடியில் எத்தனை வருஷம் இருந்தோம். நான் எந்தக் கையால் வாசிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் வலிக்கிறது.


மார்ச் 17

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். இப்போது நான் சொல்வதைக் கேள்.

எனக்கு எப்படித் தெரியும்? நீ சாப்பிடுவது வலது கையால். எழுதுவது வலது கையால். காய் நறுக்கினாலும் வலது கை. கிட்டாரை எடுத்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாய். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அடுப்படியில் நான். நீ எந்த இடத்தில் தடுக்குவாய், எத்தனை தரம் திரும்ப வாசிப்பாய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நீ அந்த இடத்தைத் தாண்டுகிறவரை நான் குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றியதில்லை, விசில் அடித்து உன்னைக் கெடுத்துவிடுமே என்று. சுவர் வழியாகக் கேட்கலாம். பார்க்க முடியாது. கதவைச் சாத்தியவள் நீ.

நான் தட்டியிருக்கலாம் என்பாய். தட்டியிருக்கலாம்தான்.

உன் அண்ணன் முன்னால் போய் நின்று கேட்டேன், "உங்க தங்கச்சி எந்தக் கையால கிட்டார் வாசிப்பா?" சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார். "அந்த ஓட்டைய நான் அடைச்சப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"ன்னேன். "இருந்தேன். அது தானா விழுந்த ஓட்டை இல்ல. நான் போட்டது"ன்னார். "அப்ப ஏன் வாயத் திறக்கல?"ன்னேன். அதற்கு அந்தக் கல்லுளிமங்கன் சொன்ன பதிலைக் கேள்: "கஸ்டமர் கிட்டார்னு நீதான சொன்ன. கஸ்டமர் விஷயத்துல நான் எதுக்குத் தலையிடணும்."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். பார்சல் வந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரியும். தன் கையால் போட்ட கோணல் ஓட்டையைத் தெரியாமல் இருக்குமா?

சரி, நடந்தது நடந்துவிட்டது. கிட்டாரை உடனே திருப்பி அனுப்பு. நான் சுரண்டி, புரட்டிப் போட்டு, மறுபடி அடித்துத் தருகிறேன். நாள் குறைவு, க்ளியர் கோட் முழுசாகக் காயாது, பரவாயில்லை. என் கையிலிருந்து ஒரு செத்த மீன் மேடை ஏறியது என்று இருக்கக் கூடாது.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

அனுப்ப மாட்டேன்.

கோபம் ஆறிவிட்டது. குக்கர் சமாச்சாரத்தை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டு யாரால் கோபமாக இருக்க முடியும்?

கடிதம் வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். வயிறு என் பக்கம், முதுகு அந்தப் பக்கம். என் கண்ணுக்கு வயிறு கீழே, முதுகு மேலே, எல்லாம் சரியாக இருந்தது. வாசிக்கிறவள் மேலேயிருந்து பார்க்கிறாள், அண்ணி. எனக்கு அந்த மீன் நேராக, உயிரோடு, நீந்திக்கொண்டு போகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தலைகீழ். அவர்களிடம் இது மீன் என்று யார் சொன்னது? நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நம் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கதை. அப்பா போன பிறகு எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தவன் அண்ணன். பேனா இடது கைக்குப் போனால் அடிஸ்கேல் விழும். அப்படித்தான் என் சோறும் எழுத்தும் வலது கைக்கு மாறின. கிட்டார் ஒன்றில்தான் கை தன் இஷ்டத்துக்கு இருந்தது. அதனால்தான் கதவு. ஒருநாள் கயிறு கட்டி மாட்டி, அது அறுந்து, கிட்டார் தரையில் விழுந்தது. மறுநாள் அது பட்டறைக்குப் போயிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது குட்டைக் கொம்பில் ஒரு குமிழ் இருந்தது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்த கையும் அதுதான், துளை போட்ட கையும் அதுதான். அந்த மனுஷனை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஓட்டை மட்டும்தான் இப்போது பாக்கி. நானே போடலாம் என்று ட்ரில் இரவல் வாங்கினேன். முனையை உங்கள் பெயின்டுக்குக் கிட்டே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. ஏதாவது வழி பார்க்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 27

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தை உனக்குக் கொண்டு வருகிறவர் நீ கதவைத் திறந்ததும் ஒன்றும் பேச மாட்டார். இதைத்தான் நீட்டுவார். படித்து முடிக்கிறவரை வாசலிலேயே நிற்பார். உள்ளே கூப்பிடு.

உன் கடைசிக் கடிதத்தை நான் அவரிடம் படித்துக் காட்டவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது பட்டறையிலிருந்து ட்ரில்லை எடுத்து வந்து துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கே"ன்னு நானும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையில் ட்ரில், துளைமுனைகள், மாஸ்கிங் டேப். டேப்பை நான்தான் உள்ளே போட்டேன். டேப் ஒட்டாமல் என் பெயின்டைத் தொட விடாதே, உன் அண்ணனாகவே இருந்தாலும்.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தான். "உள்ள வா"ன்னேன். வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான், தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டான், ஜன்னலில் இருந்த கருநீலத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான். பிறகு கிட்டாருக்காகக் கையை நீட்டினான்.

கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு அதன் மேல் கிடத்தினான். டேப் ஒட்டினான். விரலால் தடவித் தடவி இடத்தைத் தேடினான். நீங்கள் அடைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை, அண்ணி, அவ்வளவு சுத்தம். அவன் விரலுக்குத் தெரிந்தது. முதலில் ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டுப் பெயின்டை மட்டும் மெல்ல வழித்தான். அதற்குப் பிறகுதான் முன்பக்கம் சுற்றி மரத்துக்குள் இறக்கினான். ஒரு செதில்கூட உதிரவில்லை. குமிழைத் திருகிவிட்டு, "இப்ப நேரா இருக்கு. அப்ப அவசரத்துல கோணலாப் போச்சு"ன்னான். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சனிக்கிழமை. இடைவேளைக்குப் பிறகு முன்னால் போய் நின்றேன். வயிற்றுப் பக்கம் மேலே இருந்ததால் விளக்கு நேராக வெள்ளியில் விழுந்தது. நாம் முதலில் நினைத்த மாதிரி இருந்திருந்தால் இருட்டு முதுகுதான் மேலே இருந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. விளக்குக்காரர் பிற்பாடு வந்து, "அடுத்த புரோகிராமுக்கும் இதையே கொண்டாங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தர் பாம்புத் தோலா என்று கேட்டார். ஒரு பெண் கூரை ஓடா என்று கேட்டாள். மீன் என்று ஒரு ஆள் சொல்லவில்லை.

முதல் மெட்டு நம் வீட்டில் இருந்தபோதே போட்டது; அதில் நீங்கள் சொன்ன அந்தத் தடுக்குகிற இடம் வந்தது. குனிந்து பார்த்தேன். மீன் அதுபாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டேன். மூன்றும் நன்றாக வந்தன. சும்மா சொல்லவில்லை, மிக நன்றாக வந்தன. அந்த இடம் எனக்குத்தான் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அண்ணன் கடைசிச் சுவரோரம் நின்றான். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. முடிந்ததும் வெளியே வந்தேன். சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் இடது கையை எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நின்னுட்ட"ன்னான். அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

நாத்தனார்


ஏப்ரல் 5

நாத்தனாருக்கு,

வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல சத்தம்"னார். இதற்கு மேல் அந்த வாயிலிருந்து வராது என்று விட்டுவிட்டேன். ஆனால் பட்டறைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "அந்த நீலக் கிட்டாரு ஞாபகம் இருக்கா? என் தங்கச்சியோடது"ன்னு சொல்லிக்கொண்டிருக்கிறார். கஸ்டமர் போய்த் தங்கச்சி வந்தாயிற்று.

இப்போது ஒரு வேலை. நேற்று நான் பட்டறைக்குப் போனபோது என் மேஜை மேல் ஒரு கதவு கிடந்தது. உன் அறைக் கதவு. கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றி அவரே தூக்கி வந்து போட்டிருக்கிறார். "பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு, அடிச்சுடு"ன்னார். எனக்குத் தெரிந்து அதில் உரிந்த இடம் ஒன்றுகூட இல்லை.

இதோடு பலகைத் துண்டு வைத்திருக்கிறேன். வெயிலில் பார்த்து நிறத்தைச் சொல். நான் மெதுவாகத்தான் அடிப்பேன், மெதுவாகத்தான் காயும். அதுவரை உன் அறைக்குக் கதவு கிடையாது. அதற்குள் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்துவிடு. அடுப்படியில் நின்றபடி நானும் பார்க்கிறேன்.

அண்ணி